இந்த உப்பு யாருடையது?

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தாளாளர் ஜனாப் நயீம் அகமது அவர்களே, முதல்வர் அவர்களே, உடன்பிறந்த தங்கை பில்கிஸ் அம்மையாரைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர் மக்பூல் அகமது அவர்களே, துறைத் தோழர்களே, ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம், என் ஸலாம்.

நான் பரணிதரன். இந்தக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். உயிர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் முனைவர் பில்கிஸ் அம்மையாருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் அழைக்கப்பட்டவன். எல்லா வேலைக்கும் திட்டு வாங்கியவன்.

சென்ற வியாழக்கிழமை அம்மையார் பிற்பகல் வகுப்பை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அதை நான் இன்னும் நம்பவில்லை. காதில் விழுந்த எதையும் உடனே நம்பக் கூடாது என்று எனக்குப் பழக்கியவரே அவர்தான்!

இரங்கல் கூட்டங்களில் பேசுவது எனக்கு வராத வேலை. ஆனாலும் இன்று பேசியே ஆக வேண்டும் என்று வாசலில் வைத்து முடிவு செய்தேன். காலையில் அங்கே ஒரு தாய் என்னை நிறுத்தினார். அவர் பெயர் தஹ்ஸீன். இதோ, முன் வரிசையில் மகள் இரமோடு அமர்ந்திருக்கிறார். அவர் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"சார், மேடம் பூட்டாங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான், எனக்கே கேவலமா இருக்குது. எங்க இரமோட டெஸ்ட்டு இன்னா ஆவும் சார்?"

கேவலமா? தாயே, எதற்குக் கேவலம்? மாலை போட வந்தவர்கள் எல்லோரும் பில்கிஸ் அம்மையாரைப் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டீர்கள்! அவர் உயிரோடு இருந்திருந்தால் உங்கள் கேள்விக்குத்தான் முதலில் திரும்பியிருப்பார். ஆகவே என் இரங்கல் உரை முழுவதும் உங்களுக்குச் சொல்லும் பதில்தான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவையோரே! பில்கிஸ் அம்மையார் வாழ்நாளெல்லாம் எதை ஆராய்ந்தார்? "உப்பு ஆராய்ச்சி" என்று ஊரில் சொல்வார்கள். "தண்ணியில உப்பு ஜாஸ்தியாயிடுச்சு, அதை எடுக்க மெஷின் செய்றாங்க" என்று நம் கேன்டீன்காரரே பலரிடம் சொல்லியிருக்கிறார். அம்மையார் அதை மறுத்ததும் இல்லை. ஆனால் அவருடைய உலகம் இன்னும் சிறியது. நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம் என்று மின்னேற்றம் பெற்றுப் பிரிகிறது. மின்னேற்றம் பெற்ற துகளால் அந்தக் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. அது போய்வரப் புரதத்தாலான வாயில்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் சேனல் என்போம். சோடியத்துக்கென்று உண்டு, பொட்டாசியத்துக்கென்று உண்டு, குளோரைடுக்கென்றும் உண்டு.

முதல் இரண்டின் பின்னால் உலகமே ஓடியது. குளோரைடு சும்மா கூட்டத்தோடு கூட்டமாகப் போகிற அயனி என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அம்மையாருக்கு அதில் கோபம். "உப்புன்னா ரெண்டு பேரு சார். சோடியத்தை மட்டும் கூப்ட்டு விருந்து வெச்சா எப்டி?" என்பார். சுருங்கிய தசை தளர வேண்டுமா, குளோரைடு சேனல் திறக்க வேண்டும். துடிக்கும் நரம்பு அடங்க வேண்டுமா, குளோரைடு சேனல் திறக்க வேண்டும். நுரையீரலின் உட்சுவர் ஈரமாக இருக்க வேண்டுமா, அதற்கும் அதே வாயில்தான். வாயில் திறந்து குளோரைடு வெளியே வந்தால் பின்னாலேயே தண்ணீர் வரும். திறக்காவிட்டால் சளி பசையாக இறுகிவிடும்.

ஒரு சேனல் திறக்கும்போது பாயும் மின்னோட்டம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஆம்பியரை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. இரமுக்கு முக்கியமான சேனலில் அதற்கும் கம்மி! நெடுஞ்சாலையில் லாரி போனால் கட்டடமே அதிரும் இந்த இடத்தில் அதை அளக்கிறேன் என்று கிளம்பினார் பில்கிஸ் அம்மையார். சிரிக்காதவர் யார்? ஆம்பூரில் ஒரு பட்டறையில் கல்பலகை வாங்கினார். அதன் அடியில் அதிர்வு ஏறாமல் ஸ்கூட்டர் டியூபுகளுக்குக் காற்றடித்து வைத்தார். மின் இரைச்சல் உள்ளே வராமல் கோழி வலையால் பெரிய கூண்டு கட்டச் செய்தார். பார்வையிட வந்த நம் தாளாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா மேடம், லேபுக்குள்ள கோழி வளக்குறீங்களா?" என்று கேட்டார். தாளாளர் அவர்களே, தலையாட்டுகிறீர்கள், நினைவிருக்கிறது! "முட்டை வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சார்" என்றார் அம்மையார். முட்டை வரவில்லை. அந்தக் கூண்டுக்குள்ளிருந்து அளவுகள் வந்தன. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கும் அளவுகள் வந்தன!

இரமுக்கு வருகிறேன்.

இரமின் தந்தை முஸம்மில் பச்சைத் தோல் குடோனில் உப்பு போடும் வேலை செய்பவர். லாரியில் வந்து இறங்கும் தோல் அழுகிவிடாமல் உப்பை அள்ளி அள்ளித் தேய்க்க வேண்டும். மாலையில் அவர் வீட்டுக்கு வந்தால் சட்டை விறைத்து நிற்கும். அவர் கைபட்ட சொம்பில் உப்பு, அவர் உட்கார்ந்த பாயில் உப்பு. அந்த வீட்டில் ஒரு குழந்தையை முத்தமிட்டு உதட்டில் உப்புக் கரித்தால் யார் ஆச்சரியப்படுவார்கள்? ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. குழந்தை ஓயாமல் இருமினாள். தோல் பதனிடும் டேனரியின் நெடி என்றார்கள். மூச்சு வாங்கினாள். தோலுக்குப் போடும் மருந்துப் பவுடர் காற்றில் பறக்கிறது, ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை. ஊர்த் தண்ணீர் சரியில்லை என்றார்கள். சொன்னவர்களில் உறவுக்காரர்கள் உண்டு, பக்கத்து வீட்டார் உண்டு, படித்தவர்களும் உண்டு. நம் ஊரில் எதற்கும் பதில் கையிலேயே இருக்கிறது அல்லவா? டேனரி!

ஒரு நிக்காஹ் விருந்தில் அந்தக் குழந்தை பில்கிஸ் அம்மையாரின் மடியில் வந்து உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன். என் கவனமெல்லாம் பிரியாணி மேல். அம்மையார் குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தார். உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"தஹ்ஸீன், புள்ள இன்னா இப்டி உப்பா இருக்குது?"

"அவங்க அப்பா உப்பு குடோன்ல இல்ல மேடம்? எங்க வூட்ல சுவத்தை நக்கினாக்கூட உப்புதான்" என்று சிரித்தார் தஹ்ஸீன்.

"முஸம்மில் எங்க? விருந்துக்கு வரலியா?"

"லோடோட கான்பூர் போயிருக்காரு. போயி பத்து நாளுக்கு மேல ஆவுது."

அம்மையார் சிரிக்கவில்லை. "புள்ளயைக் குளிப்பாட்டினியா?"

"காலையில தலைக்கு ஊத்தினேன் மேடம். புதுத்துணி."

"அப்போ இந்த உப்பு யாரோடது?"

அவையோரே, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்! எத்தனை பேர் அந்தக் குழந்தையை முத்தமிட்டிருப்பார்கள்! யாருக்காவது கேட்கத் தோன்றியதா? உப்பு தந்தையின் கையிலிருந்து வந்திருந்தால் தந்தை இல்லாத வீட்டில் குறைந்திருக்க வேண்டும். குளித்தால் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அது குழந்தையின் உடம்பிலிருந்தே வருகிறது. வியர்வை சுரக்கும்போது உப்பாகத்தான் சுரக்கும். தோலுக்கு வரும் வழியில் குளோரைடு சேனல்கள் அந்த உப்பைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். சேனல் வேலை செய்யாவிட்டால் உப்பு அப்படியே வெளியே வந்துவிடும். அதே சேனல்தான் நுரையீரலிலும் இருக்கிறது. ஓயாத இருமல் அங்கிருந்து வந்தது. பாவம் டேனரி, அதன் தலையில் எத்தனையோ உண்மையான குற்றங்கள் இருக்கின்றன. இது அதன் குற்றம் இல்லை.

மறுவாரமே குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு மிகுதி என்று வந்தது. மரபணுவிலும் குறை தெரிந்தது. ஆனால் அது உலகில் மிக அரிதாகவே பதிவான குறை. இங்கேதான் சிக்கல். சேனலுக்கு இரண்டு விதமாகக் கோளாறு வரலாம். புரதம் சரியாக மடியாமல் சவ்வுக்கே வந்து சேராமல் போகலாம். அல்லது வந்து சேர்ந்தும் திறக்காமல் நிற்கலாம். இரமுக்கு இருப்பது எது என்று யாரும் அளந்ததில்லை. திறக்காமல் நிற்கும் சேனலைத் திறக்க வைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் மாத்திரை இல்லை அது. ஓர் அறக்கட்டளை குழந்தைகளுக்குத் தருகிறது. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தக் குழந்தையின் சேனலை இந்த மருந்து திறக்கிறது என்று யாராவது அளந்து காட்ட வேண்டும்.

யார் அளப்பது? இந்தக் குறைக்காகத் தனியே ஒரு ஆய்வுக்கூடம் நேரம் ஒதுக்குமா? பில்கிஸ் அம்மையார் கேட்ட இடமெல்லாம், பார்க்கலாம் என்றார்கள். "பாக்கலாம்னா எப்போ சார்? புள்ளைக்கு நுரையீரல் காத்துக்கினு இருக்குமா?" என்று என்னிடம் சீறினார். பார்க்கலாம் என்று சொன்னவன் நான் இல்லை என்றாலும் திட்டை வாங்கிக்கொண்டேன். பிறகு தாமே தொடங்கினார். அந்தக் குறையுள்ள சேனலை ஆய்வுக்கூடத்துச் செல்களில் வளரச் செய்தார். கண்ணாடி ஊசியின் நுனியைச் செல்லின் மேல் ஒட்டி மின்னோட்டத்தை அளந்தார்.

சென்ற ஆண்டு கோடை முடிந்த சமயம், மருந்து ஊற்றியதும் திரையில் கோடு எழும்பியது. குளோரைடு பாய்கிறது! நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். ஆய்வு மாணவி பூங்குழலி அழுதாள். அம்மையாரும் மனிதர்தானே? அன்று மாலையே தஹ்ஸீன் வீட்டுக்குப் போய், "தெறக்குது" என்று சொல்லிவிட்டார். அந்தத் தெருவுக்கே ஷீர் குர்மா பாயசம் கொடுத்தார்கள்.

எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர் மட்டும் என்ன செய்தார் தெரியுமா? குறையுள்ள சேனலே இல்லாத வெறும் செல்லை எடுத்து, அதன் மேல் அதே கரைசலை ஊற்றினார். கோடு எழும்பியது! இரமின் சேனல் இல்லாத செல்லிலும் எழும்பியது! அப்படியானால் நாங்கள் பார்த்தது எது? தேடினார். மருந்து கலந்த கரைசலில் உப்பு சற்றுக் கம்மியாக இருந்தது. கரைசல் நீர்த்துப்போனால் செல் தண்ணீரைக் குடித்து வீங்கும். வீங்கிய செல் வெடிக்காமலிருக்க வேறொரு குளோரைடு சேனலைத் திறந்துவிடும். ஆக, நாங்கள் கொண்டாடிய குளோரைடு வேறொரு வாயில் வழியாக வந்தது. கரைசலைக் கலந்தது யார்? அம்மையாரேதான்.

வேறொருவராக இருந்தால் அடுத்த அளவைச் சரியாக எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். இவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். என்னையும் இழுத்துப் போனார். தஹ்ஸீன் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "நான் சொன்னது தப்பு. தெறக்குதான்னு எனக்கு இன்னும் தெரியாது. வாபஸ் வாங்கிக்கிறேன்."

தஹ்ஸீன் அன்று சொன்னதை இன்று நான் சொல்வதற்கு அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "நாலு நாளு நிம்மதியாத் தூங்கினோம் மேடம். அதையும் புடுங்கிட்டீங்களே!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். பஜார் தாண்டியதும் அம்மையார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கதவைச் சாத்தினா சாத்தட்டும் சார். பொய்யான மருந்தைக் குடுத்துட்டு வருசம் வருசமா அவ நம்பிக்கினு இருந்தா, அது இன்னும் பாவம்." கண் கலங்கியிருந்தது. நான் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அன்பர்களே! புகழ்ந்து பேசும் இந்த மேடையில் அவருடைய தவறைச் சொல்கிறேனே என்று நினைக்கிறீர்களா? அவருடைய பெருமை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விருதுகளை முதல்வர் சொல்லிவிட்டார். நாடு நாடாகப் போய்ப் படித்த கட்டுரைகளையும் சொல்லிவிட்டார். அவை எல்லாம் அவருடையவைதான். ஆனால் ஊரார் கையில் வைத்திருந்த பதிலை நம்பாமல் ஒரு குழந்தையின் நோயைக் கண்டுபிடித்தாரே, அதே கண்ணால் தம் கையில் கிடைத்த மகிழ்ச்சியையும் பார்த்தாரே! அடுத்தவர் சொன்னதைச் சந்தேகிப்பது சுலபம். தாம் ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் சந்தேகிப்பவர் எத்தனை பேர்? பில்கிஸ் அம்மையாரே, எத்தனை பேர்?

அதன் பிறகு அவர் வழியை மாற்றினார். முழுச் செல்லை விட்டுவிட்டு, ஊசி நுனியில் ஒரு துணுக்குச் சவ்வை மட்டும் பிய்த்தெடுக்கும் முறைக்குப் போனார். துணுக்கு வீங்கி ஏமாற்றாது. அதில் ஒரு சேனல் இருந்தாலும் போதும். திறந்தால் கோடு ஒரு படி ஏறும், மூடினால் இறங்கும். ஒவ்வொரு வகைச் சேனலுக்கும் படியின் உயரம் வேறு, திறந்திருக்கும் நேரம் வேறு. நடையை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். போதாததற்கு இரமின் சேனலுக்கு ஒரு வழக்கம் உண்டு. செல்லின் எரிபொருளான ஏடிபியைக் கொடுத்தால்தான் அது அசையும், எடுத்துவிட்டால் நின்றுவிடும். இத்தனை சாட்சியும் சேர்ந்தால்தான் வாய் திறப்பேன் என்று இருந்தார். மாதக்கணக்கில் துணுக்குகள் பிய்ந்தன, கிழிந்தன, ஒட்டாமல் போயின. சென்ற மாதம்தான் முதல்முறையாக ஒரு துணுக்கில் அந்தச் சேனலின் நடை தெரிந்தது. எப்போதோ ஒரு தடவை திறந்து, மூடிக்கொண்டது. அது சவ்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, திறக்கத்தான் மறுக்கிறது என்பது உறுதியானது. இனி மருந்து ஊற்றிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்காகச் செல்களைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுத்தான் அந்த வியாழக்கிழமை வகுப்புக்குப் போனார்.

தஹ்ஸீன், இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். மருந்து திறக்குமா? எனக்குத் தெரியாது. உங்களை ஆறுதல்படுத்த ஒரு வார்த்தை சொல்ல என் நாக்குத் துடிக்கிறது. சொல்ல மாட்டேன். அவர் இருந்த இடத்தில் நின்றுகொண்டு அதை மட்டும் செய்ய மாட்டேன்.

டெஸ்ட் நிற்குமா என்று கேட்டீர்கள். நிற்காது. தாளாளர் அவர்களிடம் காலையிலேயே பேசிவிட்டேன். அந்த ஆய்வுக்கூடத்தை மூட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். சபையறியச் சொல்கிறேன், பிறகு மாற்ற முடியாது பாருங்கள்!

இன்னொன்று. அம்மையாரின் மாணவி பூங்குழலி எங்கே என்று காலையிலிருந்து பலர் கேட்டீர்கள். மகளைப் போல வைத்திருந்தாரே, கூட்டத்துக்குக்கூட வரவில்லையே, நன்றி கெட்ட பெண் என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்டது. என் காது நன்றாகவே கேட்கும். அந்தப் பெண் நேற்று எனக்குப் போன் செய்தாள். "சார், செல்லு ரெடியா இருக்கு. நாளைக்கு விட்டா வீணாயிடும். நான் கூட்டத்துக்கு வர்றதா, இன்னா செய்றது?" என்று அழுதாள். நீயே சொல், மேடம் என்ன சொல்வார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மாடியில் அந்தக் கூண்டுக்குள் அவள் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். அழுதுகொண்டே ஊசியைப் பிடிக்க முடியாது. ஆகவே அழாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது இருவர் செய்யும் வேலை. ஒருவர் ஊசியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கரைசலை மாற்ற வேண்டும். இத்தனை நாளும் அந்த இன்னொருவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவையோரே! சிலை வைப்போம், அறக்கட்டளைச் சொற்பொழிவு நடத்துவோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். செய்யுங்கள், நல்லது. மாணவர்களே, நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். வீட்டில், தெருவில், பட்டறையில், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும் இடத்தில், நின்று இன்னொரு முறை கேளுங்கள். அதுவே அவருக்குப் போடும் மாலை. என் பங்குக்கு நான் சூளுரைப்பது ஒன்றுதான். பில்கிஸ் அம்மையார் கேட்டபடி எல்லாச் சாட்சியும் சேரும் வரை அளப்போம். தஹ்ஸீன், பதில் எதுவானாலும் உங்கள் வீட்டு வாசலுக்கு நானே வந்து சொல்வேன். திறக்கிறது என்றாலும் வருவேன். திறக்கவில்லை என்றாலும் வருவேன். கதவைச் சாத்தினாலும் சாத்திக்கொள்ளுங்கள். வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த வழியைத் தேடுவோம்.

தாளாளர் அவர்களே, பெரியவர் மக்பூல் அகமது அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். அடுத்து எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்பீர்கள். நான் நிற்கப் போவதில்லை. மாடியில் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள், மருந்தை ஊற்ற ஆள் வேண்டும்.